நடுவில் வெட்டிய ஐம்பது விநாடி

காலையிலிருந்து முரண்டு பிடித்த வாஷிங் மெஷினோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக அதை வழிக்குக் கொண்டுவந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபோது மணி இரண்டரை இருக்கும். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. அவளுடைய ரிப்பேர் கடையின் பின்கதவுக்கு அப்பால்தான் வீடு. அங்கே கணவர் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிற்பகலில் இந்தக் கால் மணி நேரத்தைத்தான் அவள் பார்வையாளர்களின் பின்னூட்டங்களுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் இந்த மூன்று வருடங்களில் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது. ஊர் உலகத்துக்கே அவள் ‘ஸ்பேனர் அக்கா’. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, ஃப்ரிட்ஜ், எதுவாக இருந்தாலும் பிரித்துப்போட்டுப் பழுது பார்ப்பாள். கணவர் அதைப் படம் பிடிப்பார். பதினெட்டு வருடம் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்தவர் அவர். அச்சகத்தை மூடியபோது வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மனைவியின் கைகளை செல்போனில் படம் பிடித்து வலையில் ஏற்றினார். கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் மாங்காயில் பட்ட மாதிரி, அது பிடித்துக்கொண்டது. வீடியோவின் நடுநடுவே சோப்பும் செருப்பும் வங்கிக் கடனும் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். அந்தத் தலைகாட்டலுக்கான விளம்பரக் காசில்தான் இப்போது குடும்பத்தின் பெரும்பகுதி ஓடியது.

போனைத் திறந்தவளுக்கு முதல் பின்னூட்டத்திலேயே சிரிப்பு வந்தது. ‘கணக்கு வாத்தியார்’. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிப் படம். ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். எல்லா வீடியோவுக்கும் வந்து, செந்தமிழில் நாலு வரி எழுதி, மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார். போன வாரம் இஸ்திரிப்பெட்டிக்கு எண்பத்தேழு. ‘கையெழுத்து மட்டும் சற்றுக் கோணல்’ என்று ஒரு குறிப்பு வேறு. அவள் அட்டையில் எழுதிக் காட்டிய உதிரிபாகத்தின் பெயரைச் சொல்கிறார்.

இன்று மைக்ரோவேவ் அடுப்பு வீடியோவின் கீழே எழுதியிருந்தார். ‘மூன்று நிமிடங்களுக்கு முன்’ என்று காட்டியது.

‘அன்புச் சகோதரிக்கு. எங்கள் வீட்டு மைக்ரோவேவிலும் அதே கோளாறு, சுற்றுகிறது, சூடேறவில்லை. ஏழு திருகுகளையும் கழற்றி மேலுறையை எடுத்தாயிற்று. மனைவி மதிய உறக்கத்தில் இருக்கிறாள். எழுவதற்குள், தாங்கள் காட்டியபடி டையோடு என்னும் உதிரிபாகத்தை மாற்றி அவளை வியப்பில் ஆழ்த்த உத்தேசம். ஆபத்து என்று தாங்கள் எதையும் குறிப்பிடாததால், பிளக்கைப் பிடுங்கியதே போதும் என எடுத்துக்கொண்டேன். பாடம் தெளிவு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.’

அவள் இன்னொரு தடவை படித்தாள். ஆபத்து என்று எதையும் குறிப்பிடாததால்.

குறிப்பிட்டிருந்தாளே. நன்றாக ஞாபகம் இருந்தது. மைக்ரோவேவின் உள்ளே கெபாசிட்டர் என்று ஒரு உருளை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதை வெளியேற்றாமல், பக்கத்திலிருக்கும் டையோடில் கை வைத்தால் ஆளையே தூக்கி அடித்துவிடும். இதைச் சொல்லி, தன் இடது கை மோதிர விரலைக் கேமராவுக்கு முன்னால் நீட்டியும் காட்டினாள். தொழிலுக்கு வந்த முதல் வருடம் வாங்கிய அடி அது. நுனி கருகி, இன்றைக்கும் மடங்காத விரல். ‘இந்த விரல பாத்துட்டு அப்புறமா கை வைங்க’ என்று சொன்னாள். பிறகு பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட திருப்புளியால் அதை எப்படி வெளியேற்றுவது என்றும் காட்டினாள்.

வீடியோவைத் திறந்து ஆறாவது நிமிடத்துக்குத் தள்ளினாள். மூடி கழன்றது. அடுத்த கணமே அவளுடைய கை டையோடின்மேல் இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. பின்னல் போட்ட தலைமுடியில் ஒரு பிரியைக் கத்தரித்தது போல, தெரியாமல் காணாமல் போயிருந்தது.

‘சார், கை வைக்காதீங்க. உள்ளே கரண்ட் இருக்கு. ப்ளீஸ்’ என்று பதில் எழுதி அனுப்பிவிட்டு, போனோடு பின்னறைக்கு ஓடினாள்.

“என்னங்க, மைக்ரோவேவ் வீடியோல ஷாக் அடிக்கும்னு சொன்னேனே, அது எங்க?”

கணவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். “எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டீங்களா?”

“மொதல்ல மஞ்சள் குறி விழுந்துச்சு. கருகின விரலு, காயம், அது இதுன்னு விளம்பரம் கொடுக்கறவங்களுக்குப் பிடிக்காதாம். மூணு நாள் ஒத்த விளம்பரம் வரல. அந்த அம்பது செகண்ட எடுத்துட்டு கம்பெனிக்காரங்கள மறுபடியும் பாக்கச் சொல்லிக் கேட்டேன், பச்சை ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் இது பிச்சுக்கிட்டுப் போகுது. ஏழு லட்சம் பேர் பாத்திருக்காங்க, தெரியுமா?”

கடைசி வார்த்தையைப் பெருமையோடுதான் சொன்னார். சொல்லிக்கொண்டே திரும்பியவர், அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். அவள் போனை நீட்டினாள். அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

“எப்ப எழுதினாரு?”

“இப்ப அஞ்சு நிமிஷம் ஆகுது. பதில் போட்டேன். பாக்கல.”

“எப்படிப் பாப்பாரு, கையில திருப்புளி இல்ல இருக்கும்.” அவருடைய குரல் அடங்கிப்போயிருந்தது.

“வெட்டினத ஒட்டுங்க.”

“ஒட்டலாம். ஆனா திருத்தின வீடியோ வெளிய வர நாலஞ்சு மணி நேரம் ஆகும்.”

“அப்ப வீடியோவையே தூக்கிடுங்க.”

அவர் கை மவுஸின்மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. காசை நினைத்துத் தயங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“இரு. காசுக்காக இல்ல,” என்றார் அவர். “வீடியோவத் தூக்கினா உன் பதிலும் சேந்து போயிடும். அவருக்கும் நமக்கும் இருக்கற ஒரே நூல் அதுதான். அறுத்துட்டா, பாத்த வரைக்கும் ஞாபகம் வச்சுக்கிட்டு அவர் பாட்டுக்குக் கை வச்சிடுவாரு.”

அது உண்மைதான். கணவர் வீடியோவின் தலைப்பை அழித்துவிட்டு ‘யாரும் கை வைக்காதீர்கள், உள்ளே மின்சாரம் இருக்கிறது’ என்று அடித்தார். அப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் புதிதாக யாரும் வரமாட்டார்கள், ஏழு லட்சத்தோடு அந்த வீடியோ படுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தார். ஆனால் தலைப்பு மாறியது ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறவர் கண்ணில் படுமா என்பது நிச்சயமில்லை.

“நேரலை போடுங்க,” என்றாள் அவள். “நம்ம நேரலைக்கெல்லாம் மணி அடிக்கற மாதிரி வச்சிருக்கேன்னு அவரே எழுதியிருக்காரு.”

ஒரு நிமிடத்தில் அவள் கேமராவுக்கு முன்னால் நின்றாள். தலை கலைந்திருந்தது, கன்னத்தில் கிரீஸ். வழக்கமாகச் சொல்கிற வணக்கம்கூட வாயில் வரவில்லை.

“வாத்தியார் சார், நீங்க இதப் பாத்தா அந்த மைக்ரோவேவ்ல கை வைக்காதீங்க. எழுந்து அந்த எடத்த விட்டு வந்துடுங்க. தப்பு எங்க மேல. பாத்துக்கிட்டு இருக்கறவங்க யாருக்காவது அவரத் தெரியுமா? ‘கணக்கு வாத்தியார்’ங்கற பேர்ல எழுதுவாரே, அவரு. எந்த ஊரு, எந்தத் தெரு, எதாவது தெரிஞ்சா எழுதுங்க.”

ஐம்பது பேர் வந்தார்கள், நூறு, இருநூறு. ‘என்னாச்சு அக்கா?’ என்றார் ஒருவர். ‘இது புது விளம்பரமா?’ என்று ஒருவர் நக்கலடித்தார். ‘எனக்குப் போன மாசம் முப்பத்தஞ்சு மார்க் போட்டுச்சே அந்தப் பெருசு, அவரா?’ என்றார் இன்னொருவர். வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. மூக்குக்கண்ணாடிப் படம் மட்டும் வரவில்லை. அவள் பேசிக்கொண்டே கண்ணால் அதைத் தேடினாள். அவர் எழுதி எட்டு நிமிடம் ஆகிவிட்டது. ஒன்பது. ஏழு திருகையும் கழற்றியவருக்கு டையோடைத் தொட ஒன்பது நிமிடம் தேவையே இல்லை.

அப்போது ஒரு பெண் எழுதினாள். ‘மிக்ஸி ஜார் வீடியோல அவர் ஜார் எங்க கிடைக்கும்னு கேட்டு வீட்டு போன் நம்பர் போட்டிருந்தாரு அக்கா. நான் பாத்தேன். அப்புறம் அது காணாம போயிடுச்சு.’

கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “நம்பர் இருந்தா அத மறைச்சிடற மாதிரி நான்தான் வச்சிருந்தேன். அழியாது, ஒரு மூலையில கெடக்கும்.” அவர் விரல்கள் பறந்தன. மறைத்துவைத்த பின்னூட்டங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. வசவுகள், லாட்டரி, கல்யாணத் தரகர்கள். நாலாவது பக்கத்தில் மூக்குக்கண்ணாடி.

எண்ணை அவர் சத்தமாகப் படிக்க, அவள் அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து, ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். ஆறாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

“யாரு?” தூக்கம் கலையாத ஒரு பெண்குரல்.

“அம்மா, சார் எங்க இருக்காரு?”

“யாரும்மா நீ?”

“மைக்ரோவேவ் ரிப்பேர் சொல்லிக் கொடுக்கறவம்மா. சார் அதக் கழட்டிக்கிட்டு இருக்காரு. கை வைக்க வேணாம்னு சொல்லுங்க. உள்ள கரண்ட் இருக்கு.”

“கழட்டறாரா? இந்த மனுஷன…” ரிசீவரை எதன்மேலோ வைக்கும் சத்தம். செருப்புகள் தேய்ந்து நகர்ந்தன. பிறகு தூரத்திலிருந்து, “ஏங்க!” என்று ஒரு அதட்டல்.

உடனே ‘படார்’ என்று ஒரு வெடிச்சத்தம். அதைத் தொடர்ந்து அந்த அம்மாளின் அலறல்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கணவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நேரலையை நிறுத்தவேண்டும் என்பதுகூட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நானூறு பேர் அந்த இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போனைக் காதில் அழுத்தியபடியே “அம்மா, அம்மா” என்றாள். தன்னைச் சுவரில் தூக்கி அடித்த அந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. நெஞ்சு நின்றுவிட்டு, மறுபடி துடிக்க யோசித்த அந்த ஒரு கணம். இருபத்து மூன்று வயது உடம்பு, தாங்கிக்கொண்டது. எழுபதைத் தாண்டிய உடம்பு என்ன செய்யும்?

செருப்புச் சத்தம் திரும்ப வந்தது. ரிசீவரை எடுத்தது ஒரு ஆண்.

“அம்மா…” மூச்சு வாங்கியது. “நான்தாம்மா. வாத்தியார்.”

“சார், என்ன ஆச்சு?” என்றாள் அவள்.

“பின்னாலேர்ந்து இவ கத்தினாளா, திடுக்குனு ஆயிடுச்சு. திருப்புளி கை நழுவி அதுக்குள்ள விழுந்துச்சு. நெருப்பு மாதிரி ஒண்ணு கிளம்பிச்சும்மா. நுனியே உருகிப் போச்சு. பிளாஸ்டிக் பிடி, அதனால கைக்கு ஒண்ணுமில்ல.” செந்தமிழ் எல்லாம் எங்கேயோ போயிருந்தது. “அடுத்து விரலத்தான் அங்க வைக்க இருந்தேன்.”

“இனிமே தொடாதீங்க சார். மூடியக்கூட மாட்ட வேணாம். பக்கத்துல யாராவது மெக்கானிக்க கூப்பிடுங்க. நெஞ்சு வலி, படபடப்பு எதுவும் இல்லியே?”

“இல்ல. இவ திட்டறதுதான் தாங்க முடியல,” என்றார். அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்தது.

அவள் நேரலையை நிறுத்தினாள். கணவர்தான் முதலில் பேசினார்.

“எங்கிட்ட நீ கத்தலாம்.”

“கத்தி என்ன ஆகப்போகுது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா வேணாம்ப. அதனாலதான் சொல்லல.”

அந்த உண்மையை அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். அவளுக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. ஆனால் அதை எடுத்து வீச நேரமில்லை. வாத்தியார் எழுதினார், அதனால் தெரிந்தது. எழுதாதவர்கள்? ஏழு லட்சம் பேரில் எத்தனை பேர் திருப்புளியை எடுத்திருப்பார்கள்?

“எல்லாத்தையும் படிக்கணும்,” என்றாள். “மொத பின்னூட்டத்துலேர்ந்து.”

வெட்டிய ஐம்பது விநாடியை மறுபடி ஒட்டக் கம்ப்யூட்டரில் கொடுத்துவிட்டு, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு படித்தார்கள். நன்றி, சூப்பர், கடையில் ஐந்நூறு கேட்டான் அக்கா, மிச்சமாச்சு. ஒரு மணி நேரம் கழித்து அவளுடைய விரல் ஒரு வரியில் நின்றது. எட்டு நாளுக்கு முந்தையது. ‘செம ஷாக் அக்கா.’ அவ்வளவுதான். கீழே நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். இவர்களுடைய சேனலிலிருந்து போட்டது.

“இது நீங்க போட்டதா?”

கணவர் எட்டிப் பார்த்தார். “அசந்துட்டேன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன்,” என்றார். பிறகு ‘செம ஷாக்’ என்று மெல்ல இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

அன்றே அவர்கள் அந்த ஆளுக்கு எழுதினார்கள். மறுநாள் காலை பதில் வந்தது. ‘நிஜமாவே ஷாக்தான் அடிச்சது. கிண்டல்னு நெனச்சு ஹார்ட் போட்டீங்க. அதுக்கப்புறம் எழுதத் தோணல.’

முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்கு அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனார்கள். இரண்டாவது மாடியில் ஒரே அறை. வாசலில் ‘பெண்கள் உடைகள் தைத்துத் தரப்படும்’ என்ற பலகை. கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பெரிய கட்டுக்குள் இருந்தன. அறையில் தையல் மெஷினுக்கு உறை போட்டிருந்தது. தைக்க வந்த துணிகள் மூலையில் அப்படியே கிடந்தன. மைக்ரோவேவ் மேஜைக்கு அடியில், மூடி இல்லாமல், ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்தது.

“நேர்ல வருவீங்கன்னு நெனக்கல,” என்றாள் தையல்காரி. உட்காரச் சொல்லவில்லை.

“வெட்டினது நான்தாம்மா,” என்றார் கணவர். “ஷாக் அடிக்கும்னு இவ சொல்லித்தான் இருந்தா. விளம்பரம் நிக்குதேன்னு நான் எடுத்துட்டேன். இவளுக்கே தெரியாது.”

தையல்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நானும் வெட்டற தொழில்தான் சார் செய்யறேன். கத்திரி வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ அளப்போம். ஏன்னா அது அடுத்தவங்க துணி.”

கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். அந்த வீடியோவுக்கு அதுவரை வந்த காசு, அப்படியே. மறுத்துவிடுவாள் என்றுதான் ஸ்பேனர் அக்கா நினைத்தாள். தையல்காரி இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

“பத்து நாளா ஒரு தையல் போடல. வாடகை தரணும். அதனால வாங்கிக்கறேன்,” என்றாள். “இதோட சரியாப் போச்சுன்னு நெனச்சுடாதீங்க.”

“நெனக்கல,” என்றாள் ஸ்பேனர் அக்கா. பையைக் கீழே வைத்து, திருப்புளியையும் கையுறையையும் எடுத்தாள். “அந்த மைக்ரோவேவ நான் சரி பண்ணித் தரட்டுமா?”

தையல்காரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு காலால் அதை மேஜைக்கடியிலிருந்து தள்ளினாள். “செய்யுங்க. ஆனா படம் புடிங்க.”

“வேணாம்மா,” என்றார் கணவர்.

“வேணும். மொதல்ல என் கையக் காட்டுங்க. கட்டப் பிரிச்சுட்டே காட்டறேன். அதுக்கப்புறம் அக்கா பண்ணட்டும்.”

அப்படியே எடுத்தார்கள். அவள் கட்டைப் பிரித்தபோது கணவரின் கையில் போன் ஆடியது. அந்த ஆட்டமும் வீடியோவில் இருக்கிறது. பழைய வீடியோவை எடுத்துவிட்டு, இதை ஏற்றினார்கள். முதல் வாக்கியமே, ‘நாங்க ஒரு தப்பு பண்ணோம்’ என்பதுதான்.

ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சள் குறி விழுந்தது. மறுபரிசீலனை கேட்கும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. கணவர் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு திரையை அணைத்தார். ஒரு மாதத்தில் அதைப் பார்த்தவர்கள் பழையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மாதம் விளம்பரக் காசு பாதியாகக் குறைந்தது. வேண்டாமென்று விட்டிருந்த ஒரு விடுதியின் வாஷிங் மெஷின் பராமரிப்பை அவள் மறுபடி ஏற்றுக்கொண்டாள். கணவரும் கூடவே போய்க் குழாய்களைத் தூக்கிப் பிடித்தார். முதுகு வலிக்கிறது என்று முனகினாலும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

வெட்டுகிற வேலை இப்போதும் அவருடையதுதான். ஆனால் எந்த வீடியோவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்க்காமல் வெளியே போவதில்லை. இரண்டு பேரும் முட்டிக்கொள்வது அந்த நேரத்தில்தான். போன வாரம் வாட்டர் ஹீட்டர் வீடியோவில், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து, அணைந்திருக்கிறதா என்று டெஸ்டரால் மூன்று இடத்தில் தொட்டுப் பார்க்கிற பகுதி வந்தது. பார்க்கிறவர்கள் எந்த இடத்தில் விலகுகிறார்கள் என்று காட்டும் பழைய வீடியோக்களின் கிராஃபை அவர் காட்டினார்.

“மூணு எடமும் எதுக்கு? இந்த மாதிரி எடத்துலதான் ஜனங்க போயிடறாங்க.”

“போகட்டும்,” என்றாள் அவள். “உயிரோடதானே போறாங்க.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த துண்டுக்குப் போனார்.